நீல ரிப்பனின் பெருமை: அமெரிக்கப் பொருட்காட்சிகளும் அவற்றின் இனிய நினைவுகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாட்டுப்புற வாழ்வை ஆராய்வோர் எவரும், அங்கு ஆண்டுதோறும் பெரும்பாலும் கோடைக்காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடைபெறும் மாநிலப் பொருட்காட்சிகளையும் கவுண்டிப் பொருட்காட்சிகளையும் ஒதுக்கிவிட்டுத் தம் ஆய்வை நிறைவுசெய்ய இயலாது. கவுண்டி என்பது ஒரு மாநிலத்துக்கு உட்பட்ட ஆட்சிப் பிரிவு. தமிழ்நாட்டு மாவட்டத்தோடு ஒப்பிடத்தக்கதாயினும் மக்கள்தொகையில் பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியது. அயோவா என்னும் ஒரு மாநிலத்தில் மட்டும் 99 கவுண்டிகள் உள்ளன. பல கவுண்டிகள் தமக்கென ஒரு பொருட்காட்சியைச் சில நாட்கள் நடத்துவதும், அவற்றில் சிறந்து விளங்கியோர் மாநிலத் தலைநகரிலோ பெருநகரிலோ கூடும் மாநிலப் பொருட்காட்சிக்குச் செல்வதும் அங்கு நெடுநாள் வழக்கம்.

பொருட்காட்சி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் சென்னைத் தீவுத்திடலும், அரசுத் துறைகளின் அரங்குகளும், ராட்சத ராட்டினமும், பெரிய அப்பளமும் தோன்றுவது இயல்பு. அமெரிக்கப் பொருட்காட்சியிலும் ராட்டினமும் தின்பண்டமும் குறைவின்றி உண்டு எனினும், அதன் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. பொதுமக்கள் தாம் வளர்த்த மாட்டையும் பன்றியையும், தாம் விளைவித்த சோளத்தையும் பூசணியையும், தாம் தைத்த போர்வையையும் தாம் சுட்ட ரொட்டியையும் கொண்டுவந்து நடுவர் முன் வைத்துத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் போட்டியே அதன் மையம். அந்நாட்டு முதியவர்கள் தம் இளமைப் பருவத்தை நினைவுகூரும்போது பொருட்காட்சியைத் தனிப் பரிவோடு பேசுவதற்கும் இதுவே காரணம் என்பதும், மறக்க முடியாத நினைவாக அவர்கள் உள்ளத்தில் தங்குவது கேளிக்கையைவிட, ஊரார் முன்னிலையில் தம் வீட்டு உழைப்புக்குக் கிடைத்த மதிப்பே என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகள்.

இரண்டு ஆடுகளில் தொடங்கிய மரபு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேளாண்மைச் சங்கங்கள் தோன்றின. 1785இல் ஃபிலடெல்ஃபியாவில் அமைந்த சங்கம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அவை பெருநிலக்கிழார்களும் கற்றறிந்தோரும் கூடிக் கட்டுரை படித்துக் கலைந்த அவைகளாகவே இருந்தமையால், ஏர் பிடித்த உழவனுக்கும் அவற்றுக்கும் தொடர்பு மிகுதியாக ஏற்படவில்லை. இந்நிலையை மாற்றியவர் எல்கானா வாட்சன் என்பவர். வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் ஈடுபட்டிருந்து பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு ஊரில் பண்ணை அமைத்துக் குடியேறிய அவர், மெல்லிய கம்பளிக்குப் பெயர்பெற்ற ஸ்பானிய மெரினோ இனச் செம்மறியாடுகள் இரண்டை வாங்கி, 1807இல் அவ்வூர்ப் பொதுத்திடலில் நின்ற எல்ம் மரத்தடியில் கட்டி எல்லோரும் பார்க்க வைத்தார். உழவர்களும் பெண்களும் திரளாக வந்து அவ்வாடுகளைச் சுற்றி நின்று வியந்து பார்த்ததைக் கண்ட வாட்சன், இரண்டு ஆடுகளே இவ்வளவு பேரை ஈர்க்குமானால் ஊரின் கால்நடை முழுவதையும் ஓரிடத்தில் கூட்டினால் எவ்வளவு பேர் வருவர், எவ்வளவு கற்பர் என்று எண்ணியதாகப் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார்.

1810இல் பிட்ஸ்ஃபீல்டில் கால்நடைக் காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு பெர்க்‌ஷயர் வேளாண்மைச் சங்கம் சட்டப்படி அமைந்தது. அச்சங்கத்தின் விழாவில் அறுபதுக்கும் மேற்பட்ட எருதுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி ஒரே ஏரை இழுக்கச் செய்து, அவ்வட்டாரத்தின் மிக மூத்த முதியவரை மேழி பிடிக்க வைத்து நடத்திய ஊர்வலம் காண்போர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஊர்வலம், பரிசு, உரை, விருந்து, நடனம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்த இம்முறை பெர்க்‌ஷயர் முறை எனப் பெயர்பெற்று அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. வீட்டில் நெய்த துணிக்கும் பரிசு அறிவித்தபோது பெண்கள் மேடையேறத் தயங்கியதையும், வாட்சன் தம் மனைவியை முன்னிறுத்தி அத்தயக்கத்தைப் போக்கியதையும் அவருடைய நூல் குறிப்பிடுகிறது. பெண்களின் கைவேலை பொதுவெளியில் பரிசுக்குரியதாக ஏற்கப்பட்ட அந்த நிகழ்ச்சியே பொருட்காட்சியைக் குடும்ப விழாவாக ஆக்கியது எனலாம். ஆண்கள் மட்டும் கூடும் மாட்டுச் சந்தையாக அது நின்றிருந்தால், தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் நினைவு எதையும் அது விட்டுச் சென்றிருக்காது.

மாநிலப் பொருட்காட்சியின் எழுச்சி

மாநில அளவிலான முதற்பொருட்காட்சி நியூயார்க் மாநிலத்தில் 1841 செப்டம்பர் இறுதியில் சிரக்யூஸ் நகரில் இரண்டு நாட்கள் நடைபெற்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அவ்விழாவில் உரைகளும், கால்நடைக் காட்சியும், உழவுப் போட்டியும், வீட்டிலும் தொழிற்கூடத்திலும் செய்த பொருள்களின் காட்சியும் இடம்பெற்றன. பல ஊர்களுக்கு மாறி மாறிச் சென்ற அப்பொருட்காட்சி 1890இல் சிரக்யூஸ் அருகே நிலையான இடம் பெற்றது. அதனைத் தொடர்ந்து 1849இல் மிச்சிகனும், 1850இல் ஒஹையோவும், 1851இல் விஸ்கான்சினும், 1852இல் இந்தியானாவும், 1853இல் இல்லினாயும், 1854இல் அயோவாவும் தத்தம் பொருட்காட்சிகளைத் தொடங்கின. புகைவண்டிப் பாதைகள் விரிந்துகொண்டிருந்த காலம் ஆகையால், தொலைவிலிருந்த உழவனும் தன் மாட்டை வண்டியிலேற்றிக் கொண்டுவர முடிந்தது. அறுவடைப் பொறி, எஃகுக் கலப்பை போன்ற புதிய கருவிகளை நேரில் கண்டு, அவை இயங்கும் விதத்தை விற்பனையாளரிடம் கேட்டறிந்து வீடு திரும்பவும் முடிந்தது.

1854இல் அயோவாவின் ஃபேர்ஃபீல்டு ஊரில் நடந்த முதற்பொருட்காட்சியில் பெண்களுக்கான குதிரையேற்றப் போட்டி ஒன்று வைக்கப்பட்டது. முதற்பரிசு தங்கக் கடிகாரம். கூட்டத்தின் மனத்தைக் கவர்ந்த ஏழைச் சிறுமி ஒருத்திக்கு நடுவர்கள் அப்பரிசை வழங்காதபோது, பார்வையாளர்கள் தமக்குள் பணம் திரட்டி அவளுக்கு அளித்ததோடு அவள் பள்ளியில் படிக்கவும் ஏற்பாடு செய்தனர். நடுவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டே மக்கள் தம் தீர்ப்பையும் தனியே வழங்கிய இந்நிகழ்ச்சி, பொருட்காட்சித் திடல் தொடக்கத்திலிருந்தே ஊர்மன்றமாகவும் விளங்கியது என்பதைக் காட்டும்.

1859 செப்டம்பர் 30ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலப் பொருட்காட்சியில் உரையாற்ற மில்வாக்கி நகருக்கு அழைக்கப்பட்டவர் ஆபிரகாம் லிங்கன். குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட அப்போது அவருக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒருவரையொருவர் ஐயுறுவது இயல்பு என்றும், அவர்களை ஓரிடத்தில் கூட்டி நண்பர்களாக்குவதே இத்தகைய விழாக்களின் முதற்பயன் என்றும் அவர் தம் உரையில் எடுத்துக்காட்டினார். பரந்த நிலத்தை மேலோட்டமாக உழுவதினும் சிறிய நிலத்தை ஆழ உழுது நிறைவாகப் பண்படுத்துவதே மேல் என்றும், கல்வியும் உடலுழைப்பும் ஒரே மனிதரிடத்தில் இணைய வேண்டும் என்றும் அவர் வலியுறுத்திய கருத்துகள் அப்பொருட்காட்சியின் நோக்கத்தையே விளக்கியவை. 1862இல் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், நிலக்கொடையின் வழியாக மாநிலந்தோறும் வேளாண்மைக் கல்லூரிகள் தோன்ற வழிவகுத்தது. அக்கல்லூரிகள் பின்னாளில் பொருட்காட்சி நடுவர்களையும் ஆசிரியர்களையும் தந்தன. அரசியல் மேடையாகவும் பொருட்காட்சி தொடர்ந்து பயன்பட்டது. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட், மெதுவாகப் பேசினாலும் கையில் பெருந்தடி வைத்திருக்க வேண்டும் என்னும் தம் புகழ்பெற்ற கொள்கையை 1901 செப்டம்பர் 2ஆம் நாள் மின்னசோட்டா மாநிலப் பொருட்காட்சியில் எடுத்துரைத்தார். பன்னிரண்டு நாட்களில் அவரே குடியரசுத் தலைவரானார்.

கண்ணாடிப் புட்டியும் கால்நடைக் கொட்டகையும்

பொருட்காட்சி நினைவுகளின் ஊற்றுக்கண்ணை அறிய வேண்டுமானால் இரண்டு இடங்களை அருகிருந்து பார்க்க வேண்டும். ஒன்று, வீட்டுக் கைவேலைகளும் உணவுப் பொருள்களும் வைக்கப்படும் கூடம். மற்றொன்று, கால்நடைக் கொட்டகை.

கூடத்தில் ஒட்டுத்துணிப் போர்வைகள், பின்னலாடைகள், ரொட்டி, பழம் வைத்துச் சுடும் பை என்னும் பண்டம், ஜாம், ஊறுகாய், கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்திய காய்கனிகள் ஆகியவை வகைவகையாக அடுக்கப்பட்டிருக்கும். எந்த வகையில் எதைக் கொண்டுவரலாம், எத்தனை கொண்டுவர வேண்டும், பரிசுத்தொகை எவ்வளவு என்பனவற்றை எல்லாம் சொல்லும் பரிசுப் பட்டியல் நூலொன்று பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடும். குளிர்காலத்து இரவுகளில் அதைப் புரட்டி, வரும் ஆண்டில் எதில் போட்டியிடுவது என்று குடும்பம் கூடிப் பேசுவதும் விழாவின் ஒரு பகுதியே. பதப்படுத்திய உணவைச் சோதிக்கும் நடுவர் பல இடங்களில் புட்டியைத் திறப்பதே இல்லை. மூடி காற்றுப்புகாமல் இறுகியிருக்கிறதா, மூடிக்கும் உணவுக்கும் இடையே விட வேண்டிய வெற்றிடம் சரியாக உள்ளதா, துண்டுகள் ஒரே அளவில் நறுக்கப்பட்டுள்ளனவா, சாறு கலங்காமல் தெளிந்திருக்கிறதா, காற்றுக்குமிழ் தங்கியுள்ளதா, நிறம் மங்காமல் இருக்கிறதா என்பனவற்றைப் புட்டியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அவர் ஆராய்கிறார். பை பண்டத்தையோ வெட்டியெடுத்து, அதன் அடித்தட்டு ஊறிச் சொதசொதத்துள்ளதா, மேல்தட்டு அடுக்கடுக்காக உதிர்கிறதா என்று பார்த்த பின்னரே சுவைக்கிறார். இத்தனையும் கூர்ந்து நோக்கி அவர் எழுதும் குறிப்புச்சீட்டு, நாள்தோறும் சமைத்தும் யாராலும் பாராட்டப்படாத பெண் ஒருத்தியின் திறமைக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றாகிறது. பரிசுபெற்ற புட்டியின் கழுத்தில் கட்டப்படும் ரிப்பன், பேரப்பிள்ளைகள் காலம் வரை பெட்டியில் பேணப்படுவது இதனாலேயே. அமெரிக்க வழக்கில் நீலம் முதற்பரிசையும், சிவப்பு இரண்டாம் பரிசையும், வெள்ளை மூன்றாம் பரிசையும், ஊதா எல்லா வகைகளிலும் மேலான பெருவெற்றியையும் குறிக்கும்.

கால்நடைக் கொட்டகையின் நாயகர்கள் சிறுவர் சிறுமியர். 1902இல் ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ. பி. கிரஹாம் தொடங்கிய வேளாண் மன்றமும், பிற மாநிலங்களில் அதையொத்து எழுந்த மன்றங்களும் இணைந்து 4-எச் என்னும் பெரிய இளைஞர் அமைப்பாக வளர்ந்தன. தலை, இதயம், கைகள், உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் எச் எழுத்தில் தொடங்குவதால் அப்பெயர் அமைந்தது. நான்கிலைக் குளோவர் அதன் சின்னம். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் கல்லூரிகளின் அறிவைக் கவுண்டிதோறும் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியை ஏற்படுத்தியபோது, இம்மன்றங்கள் அப்பணியின் அங்கமாயின.

மன்றத்தில் சேர்ந்த பிள்ளை ஒரு கன்றையோ ஆட்டுக்குட்டியையோ பன்றிக்குட்டியையோ பொறுப்பேற்று, தீவனச் செலவைக் கணக்கேட்டில் எழுதி, எடை கூடுவதைக் குறித்து, பல மாதங்கள் அதை வளர்க்கிறது. பொருட்காட்சி வாரத்தில் குடும்பமே கொட்டகையில் குடியேறிவிடும். விடியுமுன் எழுந்து வைக்கோலை மாற்றி, மாட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, காற்றூதும் கருவியால் உலர்த்தி, ரோமத்தை மேல்நோக்கி வாரி, வால்நுனியைச் சீவி, தலைக்கயிற்றைத் துடைத்து மாட்டிவிட்டு, பிள்ளை தன் வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டு களத்துக்குள் நடக்கிறது. களத்தில் மாடு நான்கு கால்களையும் சரியான இடைவெளியில் ஊன்றி நிற்க வேண்டும் என்பதால், இளைஞர் கையிலுள்ள நீண்ட கோலின் நுனியால் அதன் குளம்பை மெல்லத் தொட்டு நகர்த்துவர். மாடு பதறும்போது அதே கோலால் வயிற்றடியைத் தடவி அமைதிப்படுத்துவர். கண்ணை நடுவரைவிட்டு அகற்றாமலே இத்தனையும் செய்ய வேண்டும். ஆட்டின் முதுகில் நடுவர் கைவைத்துத் தசையின் திண்மையையும் கொழுப்பின் கனத்தையும் அறிவார். விலங்கின் தரத்துக்கு ஒரு போட்டியும், அதைக் கையாளும் பிள்ளையின் திறமைக்கு வேறொரு போட்டியும் உண்டு. இரண்டாம் போட்டியில் விலை குறைந்த கன்றைக் கொண்டுவந்த ஏழைப் பிள்ளையும் வெல்ல முடியும்.

வாரத்தின் இறுதியில் ஏலம் நடைபெறும். காயடித்து இறைச்சிக்கென வளர்க்கப்பட்ட காளையும், பன்றியும், ஆடும் ஏலத்தில் விற்கப்படும். உள்ளூர் வணிகர்களும் வங்கிகளும் பிள்ளையை ஊக்குவிக்கும்பொருட்டுச் சந்தை விலையினும் கூடுதலாகக் கேட்பர். அப்பணம் பெரும்பாலும் கல்லூரிப் படிப்புக்கெனச் சேமிக்கப்படும். தான் பெயரிட்டு வளர்த்த உயிரை அன்று மாலையே பிரிய நேரும் பிள்ளை, கொட்டகை மூலையில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவது ஒவ்வோர் ஆண்டும் நிகழும் காட்சி. உணவு எங்கிருந்து வருகிறது, அதற்கு விலையாக எது கொடுக்கப்படுகிறது என்பதைப் பத்து வயதிலேயே நேரில் உணர்ந்த அந்நாள், பொருட்காட்சி நினைவுகளிலெல்லாம் ஆழமானதாக நெஞ்சில் நிலைப்பதில் வியப்பில்லை.

வெண்ணெய்ப் பசுவும் பெருங்கேளிக்கையும்

அயோவா மாநிலப் பொருட்காட்சியின் அடையாளம், 1911 முதல் அங்கு வைக்கப்பட்டுவரும் வெண்ணெய்ப் பசு. மரத்தாலும் இரும்புக் கம்பியாலும் வலையாலும் அமைத்த எலும்புக்கூட்டின் மேல் ஏறத்தாழ 600 பவுண்டு, அதாவது 270 கிலோகிராம் அளவு வெண்ணெயைக் கையால் அப்பி அப்பிச் செதுக்கும் இவ்வுருவம், உருகாதிருக்க ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிரில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படுகிறது. முதற்பசுவைச் செய்தவர் ஜே. கே. டேனியல்ஸ். 1960 முதல் 2005 வரை அப்பணியைச் செய்து ‘வெண்ணெய்ப் பசு அம்மையார்’ என்றே மக்களால் அழைக்கப்பட்ட நார்மா லையன், அயோவா அரசுப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் படித்து, அங்கேயே கிறிஸ்டியன் பீட்டர்சன் என்னும் சிற்பியிடம் கலையும் கற்றவர். ஜெர்சி, கெர்ன்சி, ஹோல்ஸ்டைன் முதலிய கறவை இனங்களின் உடலமைப்பு வேறுபாடுகளை அறிந்து செதுக்கியமையால், அவருடைய பசு இன்ன இனத்தது என்பதைப் பால்பண்ணை உழவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடிந்தது. அண்டை மாநிலமாகிய மின்னசோட்டாவில், பால்வளத் துறையின் இளவரசி எனத் தேர்ந்தெடுக்கப்படும் பண்ணை வீட்டுப் பெண் 1965 முதல் சுழலும் குளிர்க்கூண்டுக்குள் கம்பளிச் சட்டை அணிந்து அமர, 90 பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் அவளுடைய தலை செதுக்கப்படுகிறது. பாலைக் கறந்து பிழைக்கும் குடும்பங்களின் தொழிலுக்கு அம்மாநிலங்கள் எழுப்பும் சிலைகளாகவே இவற்றைக் கொள்ள வேண்டும்.

கேளிக்கைகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் அமைத்த 264 அடி உயர ராட்சத ராட்டினம் பெருவெற்றி பெற்ற பின்னர், ராட்டினங்களும் வேடிக்கைக் கூடாரங்களும் பொருட்காட்சிகளில் நிலைபெற்றன. பழைய புகைவண்டி எஞ்சின்கள் இரண்டை எதிரெதிரே முழுவேகத்தில் ஓடவிட்டு மோதச்செய்யும் காட்சி 1896இல் அயோவாவில் பெருந்திரளை ஈர்த்தது. தேர்தல் ஆண்டாகிய 1932இல் இறுதியாக மோதிய எஞ்சின்கள் இரண்டுக்கும் அவ்வாண்டு வேட்பாளர்களான ஹெர்பர்ட் ஹூவர், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகியோரின் பெயர்களே சூட்டப்பட்டன. பஞ்சுமிட்டாய்ப் பொறியை 1897இல் டென்னசி மாநிலத்தில் உருவாக்கிய இருவருள் ஒருவர் பல் மருத்துவர். சோளமாவில் தோய்த்துப் பொரித்த கார்ன் டாக் என்னும் குச்சி உணவும், விஸ்கான்சினில் 1924 முதல் விற்கப்படும் கிரீம் பஃப் என்னும் பாலேட்டுப் பண்டமும் இல்லாத நினைவுக் கட்டுரை அரிது. எனினும் நாவின் சுவையும் ராட்டினத்தின் கிறுகிறுப்பும் எந்த ஊர்க் கேளிக்கைப் பூங்காவிலும் கிடைக்கக் கூடியவை; பொருட்காட்சிக்கே உரிய நினைவு, சற்று முன் விளக்கிய கூடத்திலும் கொட்டகையிலும்தான் பிறக்கிறது.

இலக்கியத்தில் பதிந்த நினைவு

படைப்பாளர்களும் இதையே உணர்ந்திருந்தனர். அயோவாவைச் சேர்ந்த ஃபில் ஸ்டாங் 1932இல் வெளியிட்ட ‘ஸ்டேட் ஃபேர்’ என்னும் நாவல், பன்றியோடும் ஊறுகாயோடும் மாநிலப் பொருட்காட்சிக்குப் புறப்படும் ஓர் உழவர் குடும்பத்தின் கதை. அது 1933, 1945, 1962 ஆகிய ஆண்டுகளில் திரைப்படமாக்கப்பட்டது. அவற்றுள் 1945ஆம் ஆண்டின் படத்துக்கு ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இணையர் பாடல்கள் அமைத்தனர். வெண்ணெய்ப் பசு செதுக்கிய நார்மா லையன் இந்நாவலாசிரியரின் உடன்பிறந்தார் மகள் என்பது, ஒரே குடும்பத்தில் இருவர் ஒரே விழாவை இருவேறு கலைகளில் நிலைநிறுத்தியதைக் காட்டும். லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் கணவரின் சிறுவயது வாழ்வை எழுதிய ‘ஃபார்மர் பாய்’ நூலில், பூசணிக் கொடித் தண்டில் திரியைச் செருகிப் பாலூட்டி வளர்த்த பூசணிக்குப் பரிசு கிடைக்கும் பகுதி குழந்தைகளால் விரும்பிப் படிக்கப்படுவது. ஈ. பி. வைட் 1952இல் எழுதிய ‘ஷார்லட்ஸ் வெப்’ நூலிலும், வில்பர் என்னும் பன்றிக்குட்டி கறியாகாமல் காப்பாற்றப்படுவது கவுண்டிப் பொருட்காட்சியில் கிடைத்த சிறப்புப் பரிசினாலேயே. மூன்று நூல்களிலும் நடுவரின் தீர்ப்பு முக்கியத் தருணமாக அமைவது தற்செயல் அன்று.

நூலில் ஏறாத நினைவுகள் இன்னும் பல. அயோவாப் பொருட்காட்சித் திடலை ஒட்டி 160 ஏக்கர் பரப்பில் கூடாரத் தங்குமிடம் உள்ளது. தாத்தா கூடாரமடித்த அதே பகுதிக்கு ஆண்டு தவறாமல் வந்து தங்கும் குடும்பங்கள் அங்கு உண்டு. நூறாண்டுகள் ஒரே குடும்பத்தின் கையிலிருந்த பண்ணைகளுக்கு 1976 முதல் அம்மாநிலம் வழங்கிவரும் விருதும் இத்திடலிலேயே அளிக்கப்படுகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் நிஷோபா கவுண்டியில் 1889 முதல் நடைபெறும் பொருட்காட்சியிலோ, குடும்பங்கள் திடலிலேயே மரவீடுகள் கட்டி, அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்கின்றன.

நினைவில் இடம்பெற வேண்டிய நிழல்கள்

இனிய நினைவுகளைப் போற்றும் ஆய்வு, அவ்வினிமை எல்லோருக்கும் கிட்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்ட காலத்தில், வட கரோலினாவின் கறுப்பினத் தலைவர்கள் 1879 முதல் தமக்கெனத் தனிப் பொருட்காட்சி நடத்தித் தம் மக்களின் உழைப்பை உலகுக்குக் காட்டினர். டாலஸ் நகரில் 1886 முதல் நடைபெற்றுவரும் டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சியில் கறுப்பினத்தவருக்கென ஒரு நாள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. பிற நாட்களில் உள்ளே வந்தாலும் ராட்டினங்களும் உணவுக் கடைகளும் அவர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டன. இதை எதிர்த்து 1955இல் கறுப்பின உரிமைப் போராளி ஜுவானிட்டா கிராஃப்ட் இளைஞர்களைத் திரட்டி வாயிலில் மறியல் செய்தார். 1960களில்தான் அவ்வொதுக்கல் முற்றும் நீங்கியது.

மற்றொரு நிழல், போட்டி மனப்பான்மையே தடம் புரண்டதால் விழுந்தது. 1911இல் அயோவாவில் கால்நடைக்கு மதிப்பெண் இடுவதுபோலக் குழந்தைகளுக்கும் மதிப்பெண் இட்டுப் பரிசளிக்கும் போட்டி தொடங்கியது. குழந்தை நலத்தைப் பேணும் நோக்கம் அதில் கலந்திருந்ததாயினும், 1920இல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா பொருட்காட்சியில் அது ‘தகுதியுள்ள குடும்பங்கள்’ என்னும் போட்டியாக வளர்ந்து, மனிதரை இனவளர்ப்புக் கண்ணோடு தரம்பிரிக்கும் யூஜெனிக்ஸ் என்னும் தவறான கொள்கைக்கு மேடையானது. மனிதரின் உழைப்பைத் தரம்பார்க்கலாம். மனிதரையே தரம்பிரிக்கத் துணிவது அறமாகாது என்பதற்கு அந்நிகழ்ச்சி நிலையான எச்சரிக்கை.

இன்றைய நிலையும் நாளைய கடமையும்

1900இல் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பண்ணைகளில் வாழ்ந்தனர். இன்று இரண்டு பேர்கூட இல்லை. இம்மாற்றம் சில விழாக்களைச் சாய்த்தது. தொன்மையான மிச்சிகன் மாநிலப் பொருட்காட்சி 2009உடன் அரசு ஆதரவிழந்து நின்று, பின்னர் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் தனியார் முயற்சியால் மீண்டது. ஆயினும் அயோவாவின் விழாவுக்கு ஆண்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகின்றனர். மின்னசோட்டாவின் பன்னிரண்டு நாள் விழாவுக்கு 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 2020இல் பெருந்தொற்றால் இரண்டும் நிறுத்தப்பட்டபோது, இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் பின் இத்தகைய வெறுமையை அயோவா கண்டதில்லை. நகரவாசிகளாகிவிட்ட மக்கள் இவ்வளவு பெருந்தொகையாக வருவதற்குக் காரணம், தம் முன்னோர் கைவிட்டு வந்த நிலத்தோடும் கால்நடையோடும் ஒரு நாளேனும் உறவுகொள்ளும் விருப்பமே. கையால் செய்ததைக் கண்ணால் கண்டு பாராட்டும் வாய்ப்பு, எல்லாம் கடையில் கிடைக்கும் காலத்தில் முன்னினும் அரியதாகிவிட்டது.

ஆகவே மாநிலப் பொருட்காட்சியும் கவுண்டிப் பொருட்காட்சியும், உழவரும் இல்லத்தரசியரும் சிறுபிள்ளைகளும் தம் உழைப்பின் தரத்தைப் பொதுமன்றத்தில் நிறுவிய கல்விச்சாலைகள் என்றே வரலாற்றில் மதிக்கத்தக்கவை. அவற்றின் பரிசுப் பட்டியல்களும், நடுவர் குறிப்புச்சீட்டுகளும், முதியோர் வாய்மொழி நினைவுகளும் இப்போதே திரட்டிப் பேணப்பட வேண்டும். அமெரிக்காவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களும் இவ்விழாக்களுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, ராட்டினத்தோடும் பஞ்சுமிட்டாயோடும் திரும்பிவிடாமல், கால்நடைக் கொட்டகையில் ஒரு மணி நேரமாவது நின்று, களத்தில் நடக்கும் பிள்ளைகளின் பொறுமையையும் நடுவரின் விளக்கத்தையும் கவனிக்க வேண்டும்; வாய்ப்பிருந்தால் தம் வீட்டு ஊறுகாயையோ தோட்டத்துக் கத்தரிக்காயையோ உரிய வகையில் பதிவுசெய்து போட்டியில் வைக்கவும் முன்வர வேண்டும்.